அவருடைய இடப்பக்கம்

முதலில் குறை கண்டது சேலையில்தான். என் கணவர் நெய்து கொடுத்த பட்டுச் சேலையை ஜவுளி முதலாளி திருப்பி அனுப்பியிருந்தார். பிரித்துப் பார்த்தேன். வலது கரை அச்சுக் குத்தியதுபோல் இருந்தது. இடது கரையில் ஒரு இழை அறுந்திருந்தது. அறுந்ததைக் கவனிக்காமல் அவர் மேலே மேலே நெய்துகொண்டு போனதால் பல்லி ஓடிய தடம் மாதிரி நீளமாக ஒரு கோடு விழுந்திருந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொரு கோடு. அதற்கப்பால் இரண்டு மூன்று சேர்ந்து ஒரு சந்தே விட்டிருந்தது.

தொண்ணூறுகளின் கடைசி வருடங்கள் அவை. ஆரணியில் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு தறியாவது ஓடியது. எங்கள் கூடத்தில் ஒரே ஒரு குழித்தறி. மயிரிழை அறுந்தாலும் குறுக்கே ஓடும் நாடாக் கட்டையை நிறுத்தி, விரல் நுனியால் தேடிப் பிடித்து முடிச்சுப் போட்ட பிறகுதான் அவர் அடுத்த ஊடை இழைக்குப் போவார். சாப்பிட வாருங்கள் என்று நான் தொண்டை கிழியக் கத்தினாலும் காதில் ஏறாது, ஆனால் இழை அறுந்தால் தெரிந்துவிடும். அப்படிப்பட்டவர் கையிலிருந்து இப்படி ஒரு கரை வந்திருந்தது.

என் சுபாவத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் பயந்தாங்கொள்ளி. பால் திரிந்தால் பயம், மகள் பள்ளிக்கூடம் விட்டுக் கொஞ்சம் தாமதமாக வந்தால் பயம், ஒன்றும் நடக்காத நாளில் ஏன் ஒன்றும் நடக்கவில்லை என்று பயம். "எமன் வந்து கதவத் தட்டினாக்கூட, வழியில அவனுக்கு இன்னா ஆச்சோன்னு பயந்துகினு நிப்ப" என்று அவர் கேலி செய்வார். அவர் எதற்கும் அலட்டிக்கொள்ளாதவர். வீட்டுக்கு வேண்டிய கவலையை நான் ஒருத்தியே பட்டுவிடுவதால் அவருக்கு மிச்சம் வைக்கவில்லை என்பது அவர் கணக்கு.

இவ்வளவு பயந்த நான், அந்தச் சேலையைப் பார்த்ததும் எதைக் குறித்துப் பயந்தேன்? தறியைக் குறித்து. நெசவுக்காரர் வீட்டில் ஒரு பக்கத்துக் கரை கெட்டால் தறியின் அந்தப் பக்கத்தைத்தான் பார்ப்போம். கயிறு தொய்ந்திருக்கும், சீப்பு மாதிரி இருக்கிற அச்சில் பல் வளைந்திருக்கும், பாவு நூல் அந்த ஓரத்தில் மட்டும் இளகியிருக்கும். இடது கரை கெட்டால் தறிக்கு இடப்பக்கம் நோவு. எங்கள் தெருவில் சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லும்.

எனவே தறிக்கு வைத்தியம் பார்த்தோம். ரிப்பேர் பார்ப்பவர் வந்து இடப்பக்கத்துக் கயிற்றையெல்லாம் அவிழ்த்துக் கட்டினார். புது அச்சு வாங்கிப் போட்டோம். இடப்பக்கம் வெளிச்சம் போதவில்லையோ என்று அங்கே ஒரு டியூப் லைட் மாட்டினோம். அதற்கும் மசியவில்லை என்றதும் நான் என் பங்குக்கு இறங்கினேன். சாம்பிராணி போட்டேன், தறிக் கம்பத்தில் எலுமிச்சம்பழம் கட்டினேன், வெள்ளிக்கிழமை பூசணிக்காய் சுற்றி உடைத்தேன். அவர் உட்கார்ந்து நெய்தார். கரை முன்னைவிட மோசமாக வந்தது.

அந்த நாட்களில் அவரிடமும் சில மாற்றங்கள் இருந்தன. சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம் தலை சுற்றுகிறது என்று படுத்தவர் எழுந்ததிலிருந்து இடது கை கொஞ்சம் சோம்பலாக இருந்தது. உஷ்ணம் என்று மோர் கரைத்துக் கொடுத்தேன். தட்டில் பாதிச் சோற்றை அப்படியே வைத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் போடு என்பார். இருக்கிறதைத் தின்னாமல் என்ன இது என்று எரிந்து விழுந்து தட்டை எடுத்துத் திருப்பி வைத்தால், அப்போதுதான் போட்டதுபோல் மிச்சத்தைச் சாப்பிடுவார். முகச்சவரம் செய்துகொண்டு வந்தார் ஒரு நாள். ஒரு கன்னம் மழமழவென்று, இன்னொரு கன்னத்தில் அப்படியே முள். சேலை திரும்பி வந்த வருத்தத்தில் மனசு எங்கேயோ இருக்கிறது என்று நானே காரணமும் சொல்லிக்கொண்டேன். பேப்பர்காரன் தலையும் இல்லாமல் வாலும் இல்லாமல் எழுதுகிறான் என்று அவர் சலித்துக்கொண்டபோது, அது எப்போதும் அப்படித்தானே என்று சிரித்தேன்.

பக்கத்து வீட்டுத் தறிக்காரர் ஒரு நாள் காலையில் வந்தார். நானே உட்கார்ந்து பார்க்கிறேன் என்று என் கணவரை எழுப்பிவிட்டுக் குழியில் இறங்கினார். நான் அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதிகம் பேசாத மனிதர். சாண் அளவுக்கு நெய்தார். இடப்பக்கம் ஒரு இழை அறுந்தது, நிறுத்தி முடிபோட்டார், மறுபடி நெய்தார். பிறகு குனிந்து கரையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தறி மேல ஒண்ணும் இல்லக்கா. நல்லாத்தான் கீது."

நல்ல செய்திதான். ஆனால் தறி நன்றாக இருக்கிறது என்றால், பிறகு?

அவர் போனதும் காப்பி எடுத்துக்கொண்டு என் கணவரிடம் போனேன். சுவரோரம் உட்கார்ந்திருந்தார். இடப்பக்கமாகப் போய் டம்ளரை நீட்டினேன். வாங்கவில்லை. கூப்பிட்டேன். குரல் கேட்டது அவருக்கு. வலப்பக்கம் திரும்பி அடுக்களை வாசலைப் பார்த்து, "அங்கியே நின்னுகினு இன்னாத்துக்குக் கத்தற, எட்த்துகினு வா" என்றார். நான் அவர் தோளுக்கு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டிருந்தேன். அப்படியே பின்பக்கமாகச் சுற்றி வலப்பக்கம் வந்தேன். முகம் மலர்ந்து காப்பியை வாங்கிக்கொண்டார். டம்ளரைக் கொடுக்கும்போதே பாதிக் காப்பி என் சேலையில் கொட்டியிருந்தது. அதற்கும் என்னைக் கேலி செய்தார்.

மறுநாளே கண்ணமங்கலம் வழியாக வேலூருக்குப் பஸ் ஏறினோம். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் ஒரு காகிதத்தையும் பேனாவையும் கொடுத்து ஏதாவது பூ வரையச் சொன்னார். கரையில் போடுகிற பூ இவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. கையே எடுக்காமல் வரைந்தார். வலப்பக்கத்து இதழ்கள் மட்டும் ஒவ்வொன்றாக வந்தன, நடுவோடு நின்றுவிட்டது. முழுதாக வரைந்துவிட்டீர்களா என்று டாக்டர் கேட்டார். "முழுசாதான் சார்" என்றார் இவர். அந்தக் குரலில் சந்தேகத்தின் சாயலே இல்லை. எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்துவிட்டது.

மூளையின் வலப்பக்கத்தில் ஒரு சின்ன ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது என்று டாக்டர் விளக்கினார். வலது மூளைதான் இடப்பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறதாம். கண்ணில் கோளாறு இல்லையா என்று கேட்டேன். கண் ஒழுங்காகத்தான் பார்க்கிறது, பார்த்ததை மூளை வாங்கிக்கொள்ளவில்லை, இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே அதற்கு மறந்துவிட்டது என்றார். சரியாகிவிடுமா என்றேன்.

"ஒரு பக்கம் இல்லைங்கறதே இப்ப அவருக்குத் தெரியாதும்மா. அது தெரிய ஆரம்பிச்சா பாதி கிணறு தாண்டின மாதிரி. சில பேருக்குத் தெரியாமலே போயிடும்."

அந்தக் கடைசி வாக்கியத்தை மடியில் கட்டிக்கொண்டுதான் ஊருக்குத் திரும்பினேன். பஸ்ஸில் அவர் வேடிக்கை பார்த்துக்கொண்டு உற்சாகமாக வந்தார். மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் என்பது அவர் நினைப்பு. எனக்கு இன்னா, நல்லாத்தானே கீறேன் என்று வழியெல்லாம் சொன்னார்.

இல்லை என்பதுகூடத் தெரியாமல் எப்படி ஒருவர் இருக்க முடியும்? பாதி உலகம் காணாமல் போனால் அந்த இடம் இருட்டாகவாவது தெரியாதா? பல நாள் இதையே போட்டு மண்டையைக் குடைந்துகொண்டேன். குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நின்றபோது ஒரு நாள் சட்டென்று பிடிபட்டது. என் முதுகுக்குப் பின்னால் இருப்பது எனக்கு எப்படித் தெரிகிறது? இருட்டாகவா? இல்லை, தெரியவே இல்லை. தெரியவில்லையே என்று நான் என்றைக்காவது தவித்திருக்கிறேனா? எனக்கு முதுகுப்பக்கம் எப்படியோ அப்படி அவருக்கு இடப்பக்கம். குடம் வழிந்து காலை நனைத்ததும் பின்னால் நின்றவள் திட்டியதும் அதற்குப் பிறகுதான் உறைத்தது.

அதிலிருந்து என் தலைக்குள் நடப்பதையும் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்தேன். எங்கள் தெருவில் விடிந்ததிலிருந்து தறிச் சத்தம். பின்தெருவில் பவர்லூம் வேறு. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள், எங்களுக்கு அது காதிலேயே விழாது. கரண்ட் போய் பவர்லூம் நின்றால்தான் என்னவோ நடந்துவிட்டது என்று தெருவே தலை தூக்கிப் பார்க்கும். இது வேண்டும், இது வேண்டாம் என்று என்னைக் கேட்காமல் மூளை தள்ளிக்கொண்டேதான் இருக்கிறது. அது எனக்கு ஆறுதலாக இல்லை. இன்னும் எதையெல்லாம் தள்ளியிருக்குமோ என்று புதுசாக ஒரு பயம் சேர்ந்துகொண்டது.

பார்க்கிறதில்தான் இப்படி, நினைவிலாவது இடப்பக்கம் பத்திரமாக இருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு சாயங்காலம் பேச்சுவாக்கில், பஸ் ஸ்டாண்டிலிருந்து நம் தெருவுக்கு நடந்து வருகிற மாதிரி நினைத்துக்கொண்டு வழியில் என்னென்ன கடை என்று சொல்லுங்கள் என்றேன். கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். சைக்கிள் கடை, மருந்துக் கடை, ஸ்டூடியோ. எல்லாம் வலப்பக்கத்துக் கடைகள். எதிர்ச் சாரியில் ஒன்றுகூட வரவில்லை. இப்போது வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போங்கள் என்றேன். இப்போது எதிர்ச் சாரிக் கடைகள் வரிசையாக வந்தன: மாவு மில், இனிப்புக் கடை, பாத்திரக் கடை. சற்று முன் சொன்ன சைக்கிள் கடையும் ஸ்டூடியோவும் காணாமல் போயின. எல்லாக் கடையும் உள்ளே இருக்கிறது, திரும்பி நின்றால்தான் கைக்குக் கிடைக்கிறது. நான் பிறகு அந்த விளையாட்டுக்கே போகவில்லை.

அன்றிலிருந்து ஒரே கேள்வி என்னை அரித்தது. இவருடைய நினைவில் நான் எந்தப் பக்கம் நிற்கிறேன்? கல்யாணத்தில், கோயிலில், எங்கே நின்றாலும் மனைவிக்கு இடப்பக்கம்தானே. அடக்க முடியாமல் பரணிலிருந்து கல்யாண போட்டோவை இறக்கி அவர் முன்னால் வைத்தேன். மாலையும் கழுத்துமாக அவர் நிற்க, அவருக்கு இடப்பக்கம் நான். வெகு நேரம் பார்த்தார். பிறகு, போட்டோக்காரன் உன்னை மட்டும் தனியாக எடுத்திருக்கிறானே, மாப்பிள்ளை நான் எங்கே என்று கேட்டார். அவருக்கு இடப்பக்கம் நிற்கிற நான் பார்க்கிறவருக்கு வலப்பக்கம் விழுகிறேன். அதனால் என்னைப் பார்த்துவிட்டார், தன்னைத்தான் காணோம். சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் அடுக்களைக்குப் போய்விட்டேன்.

வேலூர் ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லிக்கொடுத்த அம்மா ஒரு கண்டிப்பான வேலை கொடுத்திருந்தார். யாரும் அவருக்கு வலப்பக்கம் போய் நிற்காதீர்கள். சோறு, தண்ணீர், பேச்சு எல்லாம் இடப்பக்கமிருந்தே வரட்டும். இடது கையைத் தொட்டுக் கூப்பிடுங்கள். தேடித் தேடி அவர் கழுத்து திரும்ப வேண்டும், நீங்கள் தெரிகிற வரைக்கும் திரும்பச் சொல்லுங்கள் என்றார். அதனால் கட்டிலின் வலப்பக்கத்தைச் சுவரோடு ஒட்டிப் போட்டேன். இடப்பக்கம் ஒரு முக்காலி போட்டு நான் உட்கார்ந்தேன்.

அந்த முக்காலியில் உட்கார்ந்திருந்த காலம்போல ஒரு காலம் எதிரிக்கும் வேண்டாம். நான் இருப்பேன், ஆனால் இருக்க மாட்டேன். பார்க்க வந்த உறவுக்காரர்கள் கட்டிலின் கால்மாட்டில் வலப்பக்கமாகப் பார்த்து உட்கார்ந்துகொள்வார்கள். அங்கேதானே சிரிப்பு கிடைக்கிறது! இந்தப் பக்கம் வாருங்கள் என்று நான் கெஞ்சினால், நல்லாத்தானே பேசறாரு, நீதான் எதுக்கெடுத்தாலும் பயப்படற என்று எனக்கே புத்தி சொல்லிவிட்டு நோகாமல் எழுந்து போவார்கள். ஒரு நாள் வந்தவரிடம் இவர், அவள் முன்னைப்போல் பக்கத்தில் உட்கார்வதே இல்லை, எந்நேரமும் அடுக்களையிலேயே கிடக்கிறாள் என்று குறைப்பட்டுக்கொண்டார். என் கை அவருடைய இடது கையின் மேல் இருந்தது. திருவண்ணாமலை சாமி தன் இடப்பாகத்தைப் பெண்டாட்டிக்குக் கொடுத்தது என்பார்கள். என் வீட்டுச் சாமி இடப்பாகத்தைத் தொலைத்துவிட்டு, தொலைத்ததே தெரியாமல் என்னைக் குறை சொல்லிக்கொண்டிருந்தது. வந்தவர் என்னைப் பார்த்த பார்வையைத் தாங்க முடியாமல் எழுந்து காப்பி போடப் போனேன்.

வலப்பக்கம் போய்விடலாம் என்று எத்தனையோ தடவை தோன்றியது. போனால் என் புருஷன் முழுதாகக் கிடைப்பார். அதே கேலி, அதே பேச்சு. ஆனால் போனால் இடப்பக்கம் அவ்வளவுதான். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவருக்குப் பயமே இல்லை என்பதுதான் எல்லாவற்றையும்விட என்னைப் பயமுறுத்தியது. நிலையில் இடது தோள் இடித்து ரத்தம் கட்டும். இடித்ததற்குக் கதவைத் திட்டுவார். தெருவில் இறங்கினால் இடப்பக்கம் வருகிற சைக்கிள் மேல் நேராகப் போவார், விழுந்தவன் திட்டினால் சிரிப்பார். தனியாகக் கடைக்குப் போகிறேன் என்று செருப்பைத் தேடுவார், ஒற்றைச் செருப்போடு படியிறங்குவார். நான் பின்னாலேயே ஓடுவேன். லாரிச் சத்தம் கேட்டால் எனக்கு உயிர் போய் வரும். அவர் பேஜார் பண்ணாதே என்பார். குறை தெரியாதவருக்கு எதற்குப் பயம்? டாக்டர் சொன்ன கடைசி வாக்கியம்தான் அப்போதெல்லாம் காதில் கேட்கும்.

நாள் போகப் போக கழுத்து கொஞ்சம் திரும்பியது. திரும்புங்கள், இன்னும், இன்னும் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பேன். என் மூக்குத்தி தெரிந்தால் நிற்பார். சொன்னால்தான் திரும்புவார். சொல்லாவிட்டால் இல்லை. சொன்னதைச் செய்கிறாரே தவிர, அங்கே ஒரு பக்கம் இருக்கிறது என்று தெரிந்து செய்கிறாரா என்பது எனக்குப் பிடிபடவில்லை. சோற்றுத் தட்டை அவரே திருப்பிக்கொண்டபோதுகூட நான் நம்பவில்லை. நான்தானே கிளிப்பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொல்லி வைத்திருந்தேன்.

அடுத்த வருடம் ஆடி வெள்ளிக்கு, படவேடு ரேணுகாம்பாளுக்கு நேர்ந்துகொண்டதைச் செலுத்தக் கிளம்பினோம். கண்ணமங்கலத்தில் இறங்கி வேறு பஸ் மாற வேண்டும். மஞ்சள் சேலையும் வேப்பிலையுமாக நிற்கக்கூட இடமில்லாத கூட்டம். இறங்குகிற நெரிசலில் என்னை முன்படி வழியாகத் தள்ளிவிட்டார்கள், அவர் பின்படியில் இறங்கினார். கூட்டத்தை முட்டித் தள்ளிக்கொண்டு அவரிடம் போய்ச் சேர்ந்தபோது நான் அவருக்கு வலப்பக்கம், ஒரு அடி பின்னால் நின்றிருந்தேன்.

கூப்பிட வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் தலை இடப்பக்கம் திரும்பியது. யாரும் சொல்லவில்லை. திரும்பி, என்னைக் காணாமல், இன்னும் திரும்பினார். அங்கேயும் நான் இல்லை. காலை மாற்றி வைத்து உடம்போடு திரும்பினார். ஒரு பெண் மேல் இடித்தார், அவள் முறைத்தாள், அதைக் கவனிக்காமல் இன்னும் திரும்பினார். கை நீட்டினால் நான் தோளைத் தொட்டுவிடலாம். தொடவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நெற்றியெல்லாம் வேர்த்து, உதடு காய்ந்து, திருவிழாவில் தொலைந்த பிள்ளை மாதிரி இருந்தது அந்த முகம். நோவு வந்த நாளிலிருந்து, ஸ்கேன் மிஷினுக்குள் படுக்கவைத்தபோதுகூட, அந்த முகத்தில் நான் அதைப் பார்த்ததில்லை.

இடப்பக்கமாகவே முழுச் சுற்று சுற்றி வந்து கடைசியில் என்னைக் கண்டுபிடித்தார். மணிக்கட்டை வலிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு, எங்கே போய்த் தொலைந்தாய் என்று அத்தனை பேர் நடுவில் திட்டினார். எனக்குக் கண்ணீர் கொட்டியது. துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

"பயந்துட்டீங்களா?" என்று கேட்டேன்.

"பின்ன? இந்தப் பக்கம் காலியா இருந்துச்சே" என்றார்.